ஹாமில்டன் எலெக்ட்ரிக்கா, அக்யூட்ரானா?

பழைய மின் கைக்கடிகாரம் வாங்க விரும்புவோர் பலர், 1957இல் வந்த ஹாமில்டன் எலெக்ட்ரிக்குக்கும் 1960இல் வந்த புலோவா அக்யூட்ரானுக்கும் இடையில் தயங்குகிறார்கள்.

துல்லியம்: ஹாமில்டனில் பேட்டரி சாவி கொடுக்கும் கடிகாரங்களில் முன்னும் பின்னும் ஆடும் வழக்கமான சமநிலைச் சக்கரத்தையே ஆட்டுகிறது, அக்யூட்ரானிலோ நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) நேரத்தை அளப்பதால், மாதத்திற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று நிறுவனமே உத்தரவாதம் தந்தது. காதருகே வைத்தால் டிக்டிக் ஒலிக்குப் பதில் மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

உழைப்பு: ‘500’ என்ற பெயருடைய ஹாமில்டனின் முதல் இயந்திரத்தில், மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் மயிரிழை போன்ற தொடர்புக் கம்பிகள் தேய்ந்து, வளைந்து தொல்லை தந்தன. அக்யூட்ரானில் அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. ஆயினும் 300 நுண்பற்கள் கொண்ட அதன் சக்கரத்தைப் பழக்கமில்லாதவர் தொடலாகாது.

பேட்டரி: அக்யூட்ரான் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக உருவானது, இன்றைய 1.55 வோல்ட் பேட்டரியில் சில வேளை வேகமாக ஓடிவிடும்.

அன்றாடம் கட்டிக்கொள்ள அக்யூட்ரானே என் தேர்வு. ரிச்சர்ட் ஆர்பிப் வடிவமைத்த வென்ச்சுரா என்ற ஹாமில்டன் எலெக்ட்ரிக் மாடலின் கோணல் முக்கோண அழகுக்காக, பழுதுச் செலவைப் பொறுத்துக்கொள்பவர் ஹாமில்டனை வாங்கலாம்.