மாடிப்படி யாருக்கு என்று கேட்ட வக்கீல்: திருச்சியில் உயில் எழுதிய அனுபவம்

திருச்சியில் அப்பா அம்மாவுக்கு உயில் எழுத வக்கீல் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்டோன்மென்ட் பக்கம், கோர்ட்டுக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு கிட்டத்தில் ஒரு சின்ன ஆபீஸ். வக்கீல் ஒரு அம்மா, அவருக்கு இரண்டு ஜூனியர்கள், சொத்து சம்பந்தமான சிவில் வேலைதான் பிரதானம். பெயரைப் போடவில்லை. வக்கீல்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, அதனால் ஆன்லைனில் தன் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பெயரே இல்லாத ரிவ்யூ எதற்கு என்று கேட்டால், இந்த மாதிரி வேலைக்குப் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளத்தான். கேட்காதவரிடம் எழுதாதீர்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு சாதாரணமானது. உறையூரில் அப்பா சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடு, லால்குடி பக்கம் கொஞ்சம் நஞ்சை, பேங்க் டெபாசிட், எல்ஐசி. பிள்ளைகள் அக்காவும் நானும். ஏற்கெனவே ஒரு ஆவண எழுத்தர் அப்பாவுக்கு ஒரு உயில் மாதிரி தயார் செய்து கொடுத்திருந்தார்: மாடி மகளுக்கு, கீழ் வீடு மகனுக்கு, நிலம் முழுவதும் மகனுக்கு, முடிந்தது. பதிவு செய்வதற்கு முன்னால் யாராவது ஒரு வக்கீல் பார்த்தால் தேவலை என்றுதான் போனோம்.

அந்த அம்மா இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு முதலில் கேட்டது, "சார், மாடிப்படி யாருக்கு?" அப்பா என்னைப் பார்க்கிறார், நான் அப்பாவைப் பார்க்கிறேன். படி வீட்டுக்கு வெளியே, கீழ் வீட்டின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் அது என் இடம், அக்கா மாடிக்கு ஏற வேண்டுமென்றால் என் தயவு வேண்டும். அப்புறம் போர்வெல் மோட்டார், மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி, இபி சர்வீஸ் யார் பெயரில், மொட்டை மாடிக்கு மேல் இன்னொரு தளம் எழுப்பும் உரிமை யாருக்கு, அடிமனையில், அதாவது வீடு நிற்கும் நிலத்தில், ஆளுக்கு எவ்வளவு பிரிபடாத பாகம். இதில் ஒன்றுகூடப் பழைய எழுத்தில் கிடையாது. இந்த ஊரில் அண்ணன் தங்கை கேஸ் பாதி இந்த மோட்டாராலும் படியாலும்தான் வருகிறது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், ஒரு தாளை எடுத்து வீட்டின் படம் போட வைத்து, எது பொது எது தனி என்று அப்பா வாயாலேயே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். கொடுத்த ஃபீஸ் இந்த ஒரு மணி நேரத்துக்கே தகும் என்பேன்.

நிலத்தில்தான் பெரிய ஓட்டை. அது தாத்தா வழியாக வந்து, அப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினை செய்துகொண்ட பூர்வீக நிலம். அப்பா பெயரில் பட்டா இருக்கிறது என்பதற்காக அது முழுவதும் அப்பா இஷ்டத்துக்கு எழுதக்கூடிய சொத்து ஆகிவிடாது. பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அதில் பங்கு உண்டு, பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கு இந்த உரிமை வந்துவிட்டது. 2005-ல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டமே திருத்தப்பட்டு எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் வந்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020-ல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டது, இருந்திருக்கத் தேவையில்லை. ஆக அப்பா, அக்கா, நான் என்று மூன்று பேருக்கும் உள்ள எங்கள் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அப்பா உயிலில் எழுத முடியும். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவளுக்குத்தான் நகை போட்டு கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே மேடம்" என்றார். எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம்தான். "உங்க பங்கை யாருக்கு வேணும்னாலும் எழுதுங்க சார், அது உங்க இஷ்டம். ஆனா ஒருத்தரை விடறீங்கன்னா ஏன் விடறீங்கன்னு காரணம் எழுதணும். இல்லாட்டி நாளைக்கு உயிலையே சந்தேகப்படுவாங்க" என்றார். இதைச் செய், அதைச் செய் என்று அவர் தலையிடவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கடைசியில் நிலத்தை அவரவர் பங்குப்படி விடுவதென்று அப்பாவே முடிவெடுத்தார்.

நடுவில் அப்பா, உயிலெல்லாம் எதற்கு, வீட்டை இப்போதே இரண்டு பேருக்கும் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதிவிட்டால் நிம்மதியாயிற்றே என்றார். இந்த இடத்தில் பலர் ஃபீஸ் அதிகம் வரும் வழியைக் காட்டுவார்கள். இவர் செய்தது வேறு. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்பில் (சொத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் ஏற்றியது, அதற்கு முன் 25,000, 4,000 என்று இருந்தது. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. ஆனால் காசைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள் என்றார். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியது செல்லும். செட்டில்மெண்ட்டை எழுதிக் கொடுத்த பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்ப வாங்க 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-வது பிரிவு இருக்கிறது, ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் அதற்கு முழு பலம். இதையெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் அதுதான் சரி. கடைசியில் உயில்தான் என்று ஆனது, அப்பாவுக்குப் பின் அம்மா தன் ஆயுள் முழுக்க வீட்டை ஆண்டு அனுபவித்து, அதற்குப் பிறகே எங்களுக்கு வரும்படி.

அப்பாவுக்கு மறக்க முடியாத அடி என் பக்கமிருந்து வந்தது. நான் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் என் ஃபிளாட் யாருக்கு என்று ஜூனியரிடம் சும்மா கேட்டேன். மனைவி, பிள்ளைகள், அம்மா, எல்லாருக்கும் சம பங்கு என்றார். "அப்போ எனக்கு?" என்றார் அப்பா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் உண்டு, தகப்பன் கிடையாது. வண்டியில் திரும்பும்போது வழி நெடுக இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பேங்க் டெபாசிட்டுக்கு நான் நாமினி, அதனால் பணம் எனக்குத்தான் என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிறவர், அவ்வளவே. 2025 நவம்பரிலிருந்து டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று நாமினி போடலாம், உயிலும் நாமினேஷனும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

சாட்சிக்கு என் மனைவியையே போடலாம் என்று பார்த்தோம், அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதி வைத்தது செல்லாமலே போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாதாம். இருந்தாலும் பலன் அடைகிற வீட்டு ஆளைச் சாட்சி போட்டுச் சந்தேகத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பாவைவிட வயதில் இளைய இரண்டு பேர், உள்ளூரிலேயே இருப்பவர்கள், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்லக்கூடியவர்கள் வேண்டும் என்றார். எங்கள் குடும்ப டாக்டரும் பக்கத்து வீட்டுப் பையனும் கையெழுத்துப் போட்டார்கள். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, நாங்கள் செய்தோம். பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது, எழுதியவர் இருக்கும் வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். ஆகவே எந்த சார்பதிவாளர் அலுவலகம், என்ன நம்பர் என்று ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

இனி குறைகள். ஐந்து மணி என்று சொன்னால் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுகிறார்கள், உட்கார நாற்காலி போதாது, வயசானவர்களை அழைத்துப் போனால் கஷ்டம். போன் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஜூனியர் அடித்த முதல் டிராஃப்டில் சர்வே நம்பர் தப்பாக இருந்தது. நான் பட்டாவை வைத்து ஒப்பிட்டதால் தெரிந்தது, பணம் கொடுத்து எழுதினாலும் நீங்கள் ஒரு தடவை ஒப்பிட்டே ஆக வேண்டும். எழுத்து நடை பழைய வக்கீல் தமிழ், எங்கள் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் சொன்னதும் வக்கீலம்மா ஒவ்வொரு பாராவையும் வாய்விட்டுப் படித்து விளக்கினார், இரண்டு இடத்தில் வாக்கியத்தை எளிதாக மாற்றியும் கொடுத்தார். ஃபீஸ் 8,000, பதிவுச் செலவு தனி. ரசீது கேட்டால்தான் தருகிறார்கள்.

ஒரே வீடு, ஒரே வாரிசு, பூர்வீகச் சிக்கல் எதுவும் இல்லை என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். வெள்ளைத் தாளில் கையால் எழுதி இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டாலே உயில்தான், இதையும் அவரேதான் சொன்னார். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற போன் நம்பரில் கேட்கலாம்.

போகிறவர்கள் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். காரில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடையாது.