பழைய டிரக்கின் ஷாஃப்ட் அதிர்வு: கிராஸா, கிளிப்பா, ஆப்பா?

ஒரு குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் சீட்டோடு சேர்த்து உதறுகிற பழைய டிரக்குக்கு வீட்டிலேயே செய்துபார்க்க மூன்று வைத்தியங்கள் உண்டு. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். அதன் முனை மூட்டான யூ-ஜாயிண்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டை, அதாவது கிராஸை, மாற்றுவது, ஷாஃப்டில் ஹோஸ் கிளிப் கட்டி பேலன்ஸ் செய்வது, பின் ஆக்ஸிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து மூட்டின் கோணத்தைத் திருத்துவது. நிறைய பேர் செலவு குறைந்ததில் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதிர்வு எந்த ரகம் என்று பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

காலியான நேர்ச்சாலையில், எஞ்சினை அணைக்காமல், அதிர்வு வரும் வேகத்தில் நியூட்ரல் போடுங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் எஞ்சின் மேல் பழியில்லை. அப்புறம் டயரா, ஷாஃப்டா என்ற கேள்வி. பின் ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃப்ரன்ஷியல் கியரின் விகிதம் 4.10 என்றால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் போய்விடும். டயர் கோளாறு மெதுவாகத் தடதடக்கும். ஷாஃப்ட் கோளாறு நெருக்கமாக ரீங்கரிக்கும்.

ஷாஃப்ட்தான் என்றால் என் முதல் ஓட்டு கிராஸுக்கு. கிளம்பும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் 'டங்' என்ற சத்தம், கிராஸின் முனைகளை மூடும் பேரிங் கப்பின் ஓரத்தில் துருப்பொடி, கையால் ஆட்டினால் லூஸ்: இதில் ஒன்று இருந்தாலும் வேறு எதையும் தொடாதீர்கள். வைஸும் இரண்டு சாக்கெட்டும் இருந்தால் வேலை முடியும். கழற்றும் முன் இரு முனையிலும், ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரி இணைப்பு) இருந்தால் அதிலும், பெயிண்டால் கோடு போடுங்கள். ஸ்ப்ளைன் ஒரு பல் தள்ளி மாட்டினால் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே வரிசையில் நிற்காது, இல்லாத அதிர்வும் வந்து சேரும். கப்பைப் பிடித்துவைக்கும் வளையமான சர்க்ளிப் உட்கார மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். கப்புக்குள் ஊசி போன்ற உருளைகளில் (நீடில்) ஒன்று சரிந்து கிடக்கும். இன்னொன்று: ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சில பழைய டிரக்குகளில் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸின் பின்னால்தான் இருக்கும், அதுவும் கைகொடுக்காது. சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் போங்கள்.

ஹோஸ் கிளிப் முறையை நான் சோதனையாகத்தான் மதிக்கிறேன். ஷாஃப்டின் சுற்றளவை நாலாகப் பிரித்துக் குறித்து, கிளிப்பின் ஸ்க்ரூ தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் குறைந்து எதிர்ப்புறத்தில் கூடினால் பேலன்ஸ் கோளாறுதான். இரண்டாவது கிளிப்பைச் சேர்த்து, இரண்டையும் விலக்கியும் நெருக்கியும் இன்னும் துல்லியமாக்கலாம். எங்கே வைத்தாலும் மாற்றமே இல்லையா, இந்த வழியை விட்டுவிடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்ப்பது ஆபத்து, பயனும் குறைவு. ஆக்ஸில் தொங்கினால் ஷாஃப்டின் கோணமே மாறிவிடும்.

ஆப்புத் தகட்டுக்குக் கடைசி இடம். சாய்ந்து சுற்றும் சாதாரண கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை கிராஸ் அதே கோணத்தில் இருந்தால்தான் அது ரத்தாகும். ஒற்றை ஷாஃப்டில் ஒவ்வொரு கோணமும் 1 முதல் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது அளந்தால்தான் கணக்கு. ஸ்பிரிங்கை உயர்த்திய டிரக் என்றால் ஆப்பு நியாயமான வழி. உயரம் மாறாத டிரக்கில் கோணம் தானாக எப்படி மாறும்? கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட், கிளம்பும்போது மட்டும் உதறல் என்றால் துண்டுகளின் நடுவே ஷாஃப்டைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள்.

பைப்பில் நசுங்கலோ வளைவோ கண்ணில் பட்டால் மூன்று வைத்தியமும் வேண்டாம். ஷாஃப்டை அப்படியே பேலன்சிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒட்டியிருந்த எடைத்தகடு விழுந்து, வெல்டிங் தடம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதே வழிதான்.