பளபளப்பைப் பார்த்து மரப்படி வேலைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

பழைய மரப் படிக்கட்டைத் தேய்த்துப் புதிதாக பாலிஷ் போட யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு விஷயத்தை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பழைய பூச்சு முழுக்க எடுபட்டு வெறும் மரம் தெரியும்போது நீங்கள் வந்து பார்க்க வேண்டும், நீங்கள் சரி சொன்ன பிறகுதான் அடுத்த பூச்சு, பெரும்பகுதிப் பணமும் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டு வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் அந்தக் கட்டத்தைத்தான் எங்கள் கண்ணில் படாமல் தாண்டிப் போய்விட்டார்.

பேசியது தெளிவாகத்தான் இருந்தது. கால் வைக்கும் பலகைகளில் பழைய வார்னிஷும் வருடக்கணக்காகத் தேய்த்த மெழுகும், நிற்கும் பலகைகளில் பல கை பெயிண்டும் இருந்தன. எல்லாவற்றையும் மரம் வரை எடுத்து, நிறம் கொடுத்து, தரைக்கென்றே விற்கும் பாலியூரிதேனை, அதாவது காய்ந்ததும் இறுகும் கண்ணாடி மாதிரிப் பூச்சை, மூன்று கோட் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேலையை முடித்துக் கொடுத்த அன்று படிகள் மின்னின. சில வாரத்தில் கால் அதிகம் படும் இடத்தில் பாலிஷ் எழும்ப ஆரம்பித்தது, நகத்தால் நெருடினால் தோல் மாதிரி உரிந்து வந்தது, உரிந்த இடத்தில் பார்த்தால் பழைய வார்னிஷ் அப்படியே இருக்கிறது, அதன் மேல் மெழுகுப் பிசுக்கும் இருக்கிறது. மெழுகின் மேல் பாலியூரிதேன் பிடிக்கவே பிடிக்காது. இது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தேய்த்த சில படிகளும் ஒழுங்காக இல்லை. உப்புத்தாளில் (எண் கூடக் கூட தாள் நைசாகும்) 40 அல்லது 60-ல் ஆரம்பித்து 80, 100, 120 என்று வரிசையாகப் போக வேண்டும், ஏனென்றால் முந்தைய தாள் விட்ட கீறலை அடுத்தது எடுக்கிறது. நடுவில் தாவினால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, நிறம் ஏறியதும் சுருள் சுருளாகக் கீறல்கள் கிளம்பும். எங்கள் படிகளில் அதுதான் நடந்தது. மெஷின் நுழையாத மூலைகளைக் கையால் சுரண்டி எடுக்க வேண்டும், அதைத் தொடவே இல்லை. படியின் முன் விளிம்பை மட்டும் மெஷினை அழுத்திப் பிடித்து மழுக்கி வைத்திருக்கிறார்கள், அந்த மரம் திரும்ப வராது.

இதெல்லாம்கூட போகட்டும் என்று விடலாம். என்னால் மன்னிக்க முடியாதது தூசிதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதற்குத் தடை வந்ததே 1978-ல்தான், பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் பின்னும் விற்றார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், வளரும் குழந்தையின் மூளையை அது தாக்குகிறது. சிறு குழந்தை இருக்கும் வீடு என்று தெரிந்தும், பிளாஸ்டிக் தாள்கூடக் கட்டாமல், தூசி உறிஞ்சும் கருவி இல்லாமல், அந்தப் பெயிண்டை உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தார்கள். பிறகு ஒரு சில்லை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம், ஈயம் இருந்தது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நல்லவேளை, பிரச்சினை இல்லை. தயவுசெய்து வேலை தொடங்கும் முன்பே பெயிண்டைச் சோதித்துவிடுங்கள். ஈயம் இருந்தால் ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும், சுற்றிலும் மூடிக் கட்ட வேண்டும், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியால்தான் தூசியை எடுக்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

உரிவதைக் காட்டியபோது, "பழைய மரம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். அடியில் இருக்கும் வார்னிஷைக் காட்டியதும் பேச்சு மாறி, திரும்பச் செய்ய தனிப் பணம் கேட்டார். கொடுக்கவில்லை. உரிந்த துண்டுகளையும் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், புகாரும் கொடுத்தாயிற்று. அவர் அடித்த டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தால் அது மேசை நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷ், செருப்புக் கால் தாங்காது. அதனால் மூடி திறக்கும் முன் டப்பாவைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதும் அதிலேயே இருக்கும்.

இப்போது வேறொரு தச்சர் செய்கிறார். டர்பன்டைன் தொட்டு மெழுகைத் துடைத்து, வார்னிஷைச் சுரண்டி, பிறகுதான் உப்புத்தாளையே எடுக்கிறார். ஒரு படி விட்டு ஒரு படியாகச் செய்வதால் மாடிக்குப் போய் வர முடிகிறது. எண்ணெய் வகை பாலியூரிதேன் முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகும், அதுவரை படியில் விரிப்பு எதுவும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.