முதல் கொயோட்டி ரைஃபிள்: .223-ஆ, .22-250-ஆ, .243-ஆ?

கொயோட்டி வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்க அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால் காதில் விழும் தோட்டா வகைகள் பெரும்பாலும் மூன்று: .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர். மூன்றும் வேலையை முடிக்கும். கொயோட்டி, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, பொதுவாக 25 முதல் 35 பவுண்டு வரை எடையுள்ள மெலிந்த காட்டு விலங்கு. அதன் அடர்ந்த மயிர்தான் பெரிதாகக் காட்டும். இதயமும் நுரையீரலும் உள்ள உயிர்நிலை ஐந்தங்குல அகலம் இருந்தால் அதிகம். அந்த ஐந்தங்குலத்தில் குண்டைச் சேர்ப்பதுதான் பாடு, சக்தி அல்ல. அதனால் இந்த அலசல் .223 பக்கம்தான் சாய்கிறது.

.243-ஐ முதலில் முடித்துவிடலாம். .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி 1955-இல் வந்தது. 58 கிரெய்ன் (ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன்) எடையுள்ள குண்டு கொயோட்டிக்கு, 100 கிரெய்ன் மானுக்கு என்று இரண்டு வேலை பார்க்கும். கொலராடோவில் மான் வேட்டைக்கு .24-க்குக் குறைந்த காலிபர் (அங்குலக் கணக்கில் துளை அளவு) செல்லாது, வர்ஜீனியாவில் .23. இப்படிப்பட்ட மாநிலத்தில் மானும் கொயோட்டியும் ஒரே ரைஃபிளில் வேண்டும் என்றால் மேலே படிக்கவே தேவையில்லை, .243 வாங்குங்கள். மற்றவர்களுக்கு அதன் உதை .223-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். சுட்டவுடன் ஸ்கோப்பிலிருந்து (குறிபார்க்கும் தொலைநோக்கி) காட்சி நழுவிவிடும். குண்டு எங்கே பட்டது என்று பார்க்க முடியாமல் போவது புதியவருக்குப் பெரிய நஷ்டம். தோலை விற்க நினைப்பவருக்கு அது போடும் ஓட்டையும் பிடிக்காது.

மிச்சம் இரண்டு. இரண்டும் ஒரே .224 அங்குலக் குண்டைத்தான் தள்ளுகின்றன. .223-இல் வெடிமருந்து சுமார் 25 கிரெய்ன்; .22-250-இல் சுமார் 35. பிந்தையது .250 சாவேஜ் தோட்டாவைச் சுருக்கி ஆர்வலர்கள் வீட்டுப் பட்டறையில் செய்துவந்தது. 1965-இல்தான் ரெமிங்டன் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. 55 கிரெய்ன் குண்டுக்கு .223 தரும் வேகம் விநாடிக்கு 3240 அடி, .22-250 தருவது 3680 அடி.

காகிதத்தில் பார்த்தால் .22-250 ஜெயித்துவிட்டது. களத்தில் எவ்வளவு வித்தியாசம்? இரண்டையும் 200 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்தால், 300 கஜத்தில் .223 ஏறக்குறைய 7 அங்குலம் இறங்கும்; .22-250 ஏறக்குறைய 5. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் அதே தூரத்தில் முதலாவது 11 அங்குலம் ஒதுங்கும், இரண்டாவது 9. ஆக இரண்டிலும் இரண்டிரண்டு அங்குலம். காற்றைத் தவறாகக் கணித்தவரை எந்த வேகமும் காப்பாற்றாது. 400 கஜத்தில் இடைவெளி ஐந்தாறு அங்குலமாக விரிகிறது. மேற்கு மாநிலங்களின் திறந்த புல்வெளியில் நெடுந்தூரம் சுடுபவருக்கு அது பொருட்டுதான். ஆனால் முயல் கதறும் ஒலியை எழுப்பிக் கூப்பிடும் வேட்டையில் பெரும்பாலான கொயோட்டிகள் 200 கஜத்துக்குள் வந்துவிடும். சில நேரம் 30 கஜத்தில் புதரிலிருந்து தலை நீட்டும்.

தீர்மானிப்பது வேகமல்ல, குழலும் தோட்டாச் செலவும். தோட்டா அமரும் அறையைத் தாண்டி, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்பார்கள். ஒவ்வொரு சூட்டிலும் கொதிக்கும் வாயு அந்த இடத்தை நக்கிவிட்டுப் போகிறது. துளை ஒரே அளவு, எரியும் மருந்து பத்துக் கிரெய்ன் கூடுதல் என்றால் தேய்மானம் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால், கோடையில் வற்றிய ஏரி மண்போல எஃகு வெடித்திருக்கும். வெளியே தெரியும் அறிகுறி வேறு: 100 கஜத்தில் ஓரங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் மெல்ல இரண்டங்குலத்துக்குச் சிதறும், செம்புப் படிவு துடைக்கத் துடைக்கப் போகாது. நிதானமாகச் சுட்டால் .223 குழல் 5000 தோட்டாவுக்கு மேல் தாங்குவது சாதாரணம். .22-250 இரண்டாயிரத்தை ஒட்டியே சோர ஆரம்பிக்கலாம். குழல் தொட முடியாத சூட்டில் அடுக்கடுக்காகச் சுட்டால் அதற்கும் முன்னரே. சுடும் வேகத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு நிறைய மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு நூறு தோட்டா மட்டும் சுடும் அனுபவசாலிக்கு .22-250 குழல் ஆயுளுக்கும் வரும்.

முதல் ரைஃபிள் வாங்குபவர் நூறோடு நிறுத்தக் கூடாது என்பதுதான் விஷயம். உட்கார்ந்து, முட்டுக்கோலில் தாங்கி, ஆறங்குலத் தட்டில் 100, 150, 200 கஜம் என்று பத்துக்கு ஒன்பது படும்வரை சுட, முதல் ஆண்டில் 600 தோட்டா எளிதாகப் போகும். பயிற்சிக்கான .223 தோட்டா ஒன்று தோராயமாக 50, 60 சென்ட்; .22-250-க்கு மலிவான பயிற்சித் தோட்டா என்ற ஒன்றே கிட்டத்தட்ட இல்லை, ஒன்றுக்கு ஒன்றரை டாலர் வைத்துக்கொள்ளுங்கள். 330 டாலர் எதிரே 900 டாலர். கடைக்குக் கடை விலை மாறினாலும் விகிதம் பெரிதாக மாறாது. அந்த வித்தியாசத்தில் உருப்படியான ஸ்கோப் ஒன்று வந்துவிடும். தோட்டாவைத் தாமே நிரப்புவோருக்கு இடைவெளி குறையும்: ஒரு பவுண்டு மருந்து 7000 கிரெய்ன், .223-க்கு 280 தோட்டா, .22-250-க்கு 200. ஆனால் முதல் ரைஃபிளோடு நிரப்பும் கருவியையும் வாங்குவோர் குறைவு.

தேய்ந்த குழலை மாற்றலாம். சாவேஜ் ரைஃபிள்களில் குழலை ஒரு நட்டுதான் பிடித்திருக்கும்; குறடும், தோட்டா அறையின் ஆழத்தைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜும் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். ரெமிங்டன் 700 போன்றவற்றுக்குப் பட்டறைக்காரரிடம் போக வேண்டும். குழலும் கூலியும் சேர்ந்து புது மலிவு ரைஃபிளின் விலையைத் தொடும்.

.223 வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ".223" என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 தோட்டாவை (.223-இன் ராணுவ வடிவம்) போடாதீர்கள், அழுத்தம் எல்லை மீறலாம், 5.56 அறையில் .223 போடலாம். குழலுக்குள் வரிப்பள்ளம் 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்தால் 50 முதல் 69 கிரெய்ன் வரை சிக்கல் இல்லை. பழைய .22-250 ரைஃபிள்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதில் 60 கிரெய்னைத் தாண்டிய நீளக் குண்டு தள்ளாடி, காகிதத்தில் பக்கவாட்டில் பட்டு நீளமாகக் கிழிக்கும். பயிற்சிக்கு வாங்கும் ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (உலோக உறை போர்த்திய, விரியாத) குண்டை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். அது ஊசிபோலத் துளைத்துக்கொண்டு வெளியேறும், விலங்கு காயத்தோடு ஓடும். வி-மேக்ஸ் போன்ற விரியும் குண்டுதான் சரி. பயிற்சிக் குண்டும் வேட்டைக் குண்டும் ஒரே இடத்தில் படாது. சீசனுக்கு முன் வேட்டைக் குண்டை வைத்தே மறுபடி சரிபாருங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே செம்புக் குண்டு தேட வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

ரைஃபிள் எது? ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்ஷனில் ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் மலிவு. டிக்கா டி3எக்ஸ் விலை கூடுதல், போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏ.ஆர்.-15 இரண்டாம், மூன்றாம் கொயோட்டி ஓடும்போது கைகொடுக்கும், ஆனால் மாநிலச் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். 'வார்மின்ட்' என்று விற்கும் கனத்த குழல் ஓரிடத்தில் உட்கார்ந்து புல்வெளி அணில்களைச் சுடுவதற்கு. ஒரு நாளில் எட்டு இடம் மாறி நடப்பவருக்குப் பத்துப் பவுண்டு தோளை அறுக்கும்.

இன்னொன்று, அங்குள்ள நம்மவர்களுக்கு. கிரீன் கார்டு இருந்தால் கூட்டாட்சிச் சட்டத்தில் தடையில்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. ஆகவே அவர்கள் முதலில் எடுக்க வேண்டியது உரிமம், பிறகுதான் ரைஃபிள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பின்போ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும்.

ஸ்கோப்புக்கு 3-9 உருப்பெருக்கம் தாராளம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளை 15 முதல் 18 அங்குலப் பவுண்டு வரை முறுக்குங்கள். கைப்பலத்துக்கு முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும், தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் இடம் மாறும். முதலில் 25 கஜத்தில் காகிதத்தைத் தொடச் செய்து, பிறகு 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வையுங்கள்; .223-க்கு 200 கஜம் தானாகச் சரியாகிவிடும். உட்கார்ந்து கூப்பிடத் தொடங்கும் முன் ஸ்கோப்பை 3-க்குத் திருப்பிவிடுங்கள். 9-இல் விட்டுவைத்தால், முப்பது கஜத்தில் நிற்கும் கொயோட்டி கண்ணாடி முழுக்க வெறும் மயிராகத்தான் தெரியும்.