எர்த் போட்டுத் தருகிறோம் என்று 68,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகு ஷாஃப்ட் கடைசல், புஷ், வெல்டிங். த்ரீ பேஸ் லைன். பழைய எர்த் பைப் உப்பில் இற்றுப்போனதால் ராமநாதபுரத்தில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். சாமானும் விற்று, ஆள் வைத்து வேலையும் எடுத்துச் செய்யும் கடை.

“அண்ணே, உங்க ஊர் உப்புக்கு சாதா ஜிஐ பைப் நிக்காது. மூணு மீட்டர் காப்பர் ராடு ரெண்டு, கெமிக்கல் பவுடர், ரெண்டு குழி. அப்புறம் நீங்க அதைத் திரும்பியே பாக்க வேண்டாம்” என்றார் முதலாளி. விவரம் தெரிந்த பேச்சு. அதனால்தான் நம்பினேன். பேனல், கேபிள், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே லைனை நிறுத்தும் சுவிட்ச்) எல்லாம் சேர்த்து 68,500 ரூபாய். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்தேன்.

குழி வெட்டிய அன்று நான் பாம்பனுக்கு ஒரு ஷாஃப்டைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மூடி போட்டு சிமெண்டும் பூசிவிட்டார்கள். கடை ஆள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு குண்டு பல்பை மாட்டிக் காட்டினான். பளிச்சென்று எரிந்தது. “பாத்தீங்களாண்ணே, எர்த்து எப்படி இழுக்குதுன்னு!” எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அந்த வெளிச்சத்தில் போய்விட்டது.

மறுநாள் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது. கூப்பிட்டதும் வந்தான், அரை மணி நேரத்தில் “சரி பண்ணிட்டேன்” என்று போனான். அப்புறம் அது விழவே இல்லை.

போன வாரம் கச்சான் காற்றில் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனது. பட்டறையில் லைட் அணைந்த அதே நேரம் என் மருமகன் கை லேத்தில் ஒட்டிக்கொண்டது. அக்கா மகன், 19 வயது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றிருந்தான். தம்பி ஓடிப்போய் மெயினை இறக்கியதால் பிழைத்தான். உள்ளங்கை வெந்துவிட்டது.

தெரிந்த வயர்மேன் ஒருவர் வந்து பேனலைத் திறந்ததும் தலையில் கை வைத்தார். கடை ஆள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தான். குழியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பல்பு எரியும்! ஆர்சிசிபி விழுந்ததும் அந்த இணைப்பால்தான். அதைப் பிடுங்காமல் ஆர்சிசிபியையே சுற்றிக்கொண்டு நேர் லைன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நியூட்ரல் அறுந்ததும், லைட் வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயரில் ஏறி எல்லா மெஷின் பாடிக்கும் வந்துவிட்டது.

அப்புறம்தான் தோண்டினோம். முதல் குழியில் ஒன்றரை அடி பழைய ஜிஐ பைப் துண்டு, அதில் சுற்றிய கம்பி. இரண்டாவதில் அதுவும் இல்லை, வெறும் மணலில் கம்பி நுனி. 68,500 ரூபாய்!

ஷாக் அடித்த அன்றே போன் செய்தேன். “ஆள் ஊர்ல இல்லண்ணே.” மறுநாள், “உப்பு அரிச்சிருக்கும்.” அடுத்த நாள், “லைன்ல கோளாறுன்னா நாங்க என்ன பண்றது, ஈபியில கேளுங்க.” பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை பைப் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். “இது நாங்க போட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க? பில் இருக்கா?” என்கிறார். அவர் தந்தது எஸ்டிமேட் என்று எழுதிய வெள்ளைத் தாள். அதில் 68,500 என்ற தொகை மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியிருக்கிறேன்.

விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. குழி மூடும்போது பக்கத்தில் நில்லுங்கள், ராடு இறங்குவதைப் போனில் படம் எடுங்கள். பல்பு எரிவதை நம்பாதீர்கள், எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று காட்டச் சொல்லுங்கள். த்ரீ பேஸ் மெஷின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் கம்பி வர வேண்டும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள், அமுக்கியதும் மெஷினுக்குப் போகும் லைன் நிற்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வயர்மேன் புது ராடுடன் வந்துவிட்டார். குழிக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறேன்.