டவர் உச்சில கூடு: காத்திருக்கலாமா, நகர்த்தலாமா, குஞ்சு இருக்கும்போதே ஏறலாமா?

டவர்ல ஆன்டெனா மாத்தணும், ஆளும் கிரேனும் புக் பண்ணியாச்சு, மேல பாத்தா பெரிய குச்சிக் கூடு ஒண்ணு இருக்கு, உள்ள பறவையும் உக்காந்திருக்கு. இப்ப என்ன செய்யலாம்னு நாலஞ்சு வழி சொல்றாங்க, ஆனா எல்லாம் ஒரே தரமான வழி கிடையாது, சிலது நல்ல வழி மாதிரி தெரியும் ஆனா அடுத்த வருஷமே பிரச்சனை திரும்பி வந்து நிக்கும். நான் விராலடிப்பானை வச்சே பேசுறேன், ஆஸ்ப்ரேன்னு சொல்வாங்களே அது. வட அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டு பக்கமும் டவர் வேலைக்காரங்க இதுகிட்டதான் அடிக்கடி மாட்டிக்கிறாங்க. மீனை மட்டுமே நம்பி வாழுற பறவை, தண்ணி பக்கத்துல உயரமா, தலைக்கு மேல மறைப்பு இல்லாத இடமா தேடும், முன்னாடி பட்டமரத்து உச்சில கட்டும், இப்ப அந்த மாதிரி மரம் கம்மியாயிட்டதால இரும்புல கட்டுது. ஜெர்மனியில பெரும்பாலான ஜோடிங்க மின்சார டவர்லதான் குஞ்சு பொரிக்குது.

எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும். காலியா, முட்டையா, குஞ்சா? இதைப் பொறுத்து சட்டமே மாறுது. அமெரிக்காவுல 1918ல வந்த வலசைப் பறவைகள் சட்டப்படி முட்டையோ குஞ்சோ இருக்குற கூட்டை பர்மிட் இல்லாம தொடக்கூடாது, ஆனா விராலடிப்பானோட காலிக் கூட்டை எடுத்துடலாம். வெண்தலைக் கழுகு, பொன்னாங்கழுகுன்னா கதையே வேற, 1940 சட்டப்படி காலியா கிடந்தாலும் வருஷம் பூரா பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்துல பாத்தா விராலடிப்பானோட காலிக் கூட்டுக்கும் பாதுகாப்பு இருக்கு, 2006ல சட்டத்துல சேர்த்தாங்க. அதனால ஒரு நாட்டுல சரியா இருந்த வழியை இன்னொரு நாட்டுல அப்படியே செஞ்சா கேஸ் ஆயிடும்.

முதல் வழி, காத்திருக்குறது. பறவைக்கு இதைவிட நல்லது எதுவும் கிடையாது. அடைகாக்குறது கிட்டத்தட்ட 5லிருந்து 6 வாரம், அப்புறம் குஞ்சு பறக்க 7லிருந்து 8 வாரம், பறந்த பிறகும் கொஞ்ச நாள் கூட்டுக்குத்தான் சாப்பிட வந்து போகும், ஆக மூணரை நாலு மாசம்னு வச்சுக்கங்க. வெண்தலைக் கழுகுக்கு இன்னும் கூட ஆகும், அதோட குஞ்சு மட்டுமே 10லிருந்து 12 வாரம் கூட்டுல இருக்கும். வேலை கொடுக்குறவங்களுக்கு இது ரொம்ப நீளமாத்தான் தெரியும். ஆனா ஆன்டெனா அப்கிரேடு, பெயின்ட், போல்ட் செக் இதெல்லாம் நாலு மாசம் தள்ளிப்போனா எதுவும் இடிஞ்சு விழாது, திட்டம் போடுறவங்க முன்கூட்டியே சீசனைப் பாத்து தேதி வச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

அடுத்தது, கூடு இருக்கும்போதே ஏறி சீக்கிரமா முடிச்சுட்டு இறங்குறது. "ஒரு மணி நேரம்தானே"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு மணி நேரம் எந்த வாரத்துல வருதுங்குறதுதான் முக்கியம். ஆள் ஏற ஆரம்பிச்ச உடனே தாய்ப்பறவை எழுந்து போய் மேல வட்டம் அடிச்சுகிட்டு கீச்சுக் குரல்ல கத்திகிட்டே இருக்கும், அந்த நேரம் பூரா முட்டை வெறுமனே வெயில்லயோ காத்துலயோ கிடக்கும். பொரிச்சு முதல் பத்து நாளைக்கு குஞ்சுக்கு தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது, தாய் மேல உக்காந்தாத்தான் உயிர் நிக்கும். கடைசி ரெண்டு வாரம் இன்னும் மோசம், இறக்கை முளைச்ச குஞ்சு ஆளைப் பாத்து பயந்து பறக்கத் தெரியாமலே குதிச்சிடும், அவ்ளோ உயரத்துல இருந்து விழுந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். இதுக்கு நடுவுல, குஞ்சுக்கு சுமார் 5லிருந்து 6 வாரம் ஆகும்போது ஒரு சின்ன இடைவெளி இருக்கு. ஆராய்ச்சிக்காரங்க காலுக்கு வளையம் மாட்டுறது அந்த சமயத்துலதான், ஏன்னா அந்த வயசுல குஞ்சு செத்த மாதிரி கூட்டோட ஒட்டிப் படுத்துக்கும், ஓடாது. அவசியம் ஏறித்தான் ஆகணும்னா பறவை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கீழ நின்னு பாத்துகிட்டு, பர்மிட் வாங்கி, அந்த வாரத்துல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, சுருக்கா. இதை காத்திருக்குறதோட ஒரே தட்டுல வைக்க என்னால முடியாது, வேற வழியே இல்லாதப்ப மட்டும் செய்யுற விஷயம் இது.

டவர் எச்சரிக்கை லைட் அணைஞ்சு போறதைத்தான் பெரும்பாலும் அவசரம்னு சொல்வாங்க. அது நிஜமாவே முக்கியம், விமானம் சம்பந்தப்பட்டது. அமெரிக்க விதிப்படி உச்சி லைட்டோ மின்னுற லைட்டோ அணைஞ்சு 30 நிமிஷத்துக்குள்ள சரியாகலைன்னா உடனே தகவல் சொல்லணும், பைலட்டுகளுக்கு அறிவிப்பு போயிடும். அந்த அறிவிப்பு இருக்குற வரைக்கும் பர்மிட் கேக்கவும் நிபுணரைக் கூப்பிடவும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்குது. லைட்டை சீக்கிரம் சரி பண்ணணுங்குற கடமை போயிடாது, ஆனா "இன்னைக்கே ஏறி கூட்டைத் தள்ளிடுங்க"ன்னு யாராவது சொன்னா அது சட்டம் சொல்றது இல்ல, அவங்க அவசரம் சொல்றது.

மூணாவது, சீசன் முடிஞ்சதும் கூட்டை எடுத்துப் போட்டு, பறவை திரும்ப உக்காராம இருக்க கம்பி முள்ளு, வலை ஏதாவது மாட்டுறது. அனுமதி இருக்குற நாட்டுல சட்டப்படி சரிதான், பாத்தா சுத்தமாவும் இருக்கும். ஆனா தனியா இதை மட்டும் செஞ்சா இருக்குறதுலயே பலன் கம்மியான வழி இதுதான்னு நான் சொல்வேன். விராலடிப்பான் வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வர்ற பறவை, பத்தாயிரம் கிலோமீட்டர் போயிட்டு வந்தாலும் அதே உச்சிதான். கூடு இல்லைன்னா அங்கயே புதுசா குச்சி போட ஆரம்பிக்கும், முட்டை போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஆள் ஏறி எடுக்கணும், அதுக்குள்ள முட்டை போடுற நேரம் தள்ளிப்போய் குஞ்சும் தாமதமா வரும். முள்ளு விஷயம் இன்னும் மோசம், குச்சி வழுக்காம நிக்க அது பிடிமானம் ஆயிடுது. 2021ல பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப் நகரத்துல மேக்பைங்குற காக்கா இனப் பறவையோட கூடு ஒண்ணைப் பாத்தாங்க, பறவையை விரட்ட கட்டடத்துல ஒட்டியிருந்த முள்ளுகளையே பிடுங்கி அதுல சுமார் 1,500 முள்ளு வச்சு கட்டியிருந்துச்சு!

எனக்கு ரொம்பப் பிடிச்சது நாலாவது, மேடை கட்டிக் கொடுக்குறது. பக்கத்துல தனிக் கம்பம் நட்டு அதுமேல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் சதுரத்துல பலகை, தண்ணி வடியுற மாதிரி அடியில கம்பி வலை, பழைய கூட்டுல இருந்தே குச்சி எடுத்து கம்பியால கட்டி வச்சா பறவை ஏத்துக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அமெரிக்காவுல செசபீக் விரிகுடா பக்கம் மனுஷன் கட்டின இடத்துலதான் பெரும்பாலும் இது கூடு வைக்குது. ஆனா ஒரு சிக்கல் இருக்கு, இதைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. இந்தப் பறவை பெரும்பாலும் சுத்துவட்டாரத்துல உயரமான இடத்தைத்தான் எடுக்கும். குட்டைக் கம்பத்துக்கு இது சரியா வரும், 60 மீட்டர் டவருக்குப் பக்கத்துல 12 மீட்டர் கம்பம் நட்டா அது ஏத்துக்குற வாய்ப்பு கம்மி. உயரமான டவர்னா அதே டவர்லயே ஏணியும் ஆன்டெனாவும் இல்லாத பக்கமா ஒரு இரும்புச் சட்டத்தை வெளிய நீட்டி மாட்டி, அதுல மேடை வச்சு, பழைய இடத்தை மூடிடணும். அப்ப பறவை இருக்கும்போதே கீழ் பகுதி வேலையாவது நடக்க வாய்ப்பு உண்டு, எவ்ளோ தூரம் விலகி நிக்கணுங்குறதை நிபுணர் பாத்து சொல்லணும். எடையையும் கணக்குல வைக்கணும். அமெரிக்காவுல புளோரிடாவுல 1963ல அளந்த ஒரு வெண்தலைக் கழுகுக் கூடு கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், ரெண்டு டன் எடைக்குப் பக்கம் இருந்துச்சு. விராலடிப்பான் கூடு அவ்ளோ வராது, இருந்தாலும் வருஷா வருஷம் குச்சி சேரும், மழையில நனைஞ்சா கனம் கூடும், காத்துக்கும் பிடிக்கும், டவர் டிசைன் பண்றவர் அதைப் பாத்து கையெழுத்து போடணும்.

ட்ரோனை தனி வழியா நான் எண்ணல. கூட்டுல என்ன இருக்குன்னு தூரத்துல இருந்து பாக்க உதவும், ஆனா கிட்ட கொண்டு போனா தாய் பாஞ்சு ட்ரோனை அடிக்கும், கடைசில பறவைக்குத்தான் அடிபடும். நீளமான கம்பில கேமரா, இல்ல தரையில நின்னு பாக்க நல்ல தொலைநோக்கி, அதுவே பெரும்பாலும் போதும்.

என்கிட்ட கேட்டா இந்த வருஷம் காத்திருங்க, பறவை வலசை போனதும் டவர் வேலையை முடிங்க, சட்டம் இடம் கொடுத்தா அதே கிரேன்லயே மேடையையும் மாட்டிடுங்கன்னு சொல்வேன். மேல ஏறுற அன்னைக்கு கூட்டுக்குள்ள பாத்தீங்கன்னா வைக்கோல் கட்டுற பிளாஸ்டிக் கயிறு, தூண்டில் நரம்பு எல்லாம் சுருண்டு கிடக்கும், பறவையே பொறுக்கிட்டு வந்து வைக்கிறது, குஞ்சு கால்ல சுத்தி அங்கயே தொங்கிச் சாகுறது உண்டு, அதையெல்லாம் வெட்டி எடுத்துடுங்க. அப்புறம் அந்த டவரோட ஃபைல்ல பறவை பேரு, கூடு எந்தப் பக்கம், எந்த மாசம் முட்டை போடுதுன்னு எழுதி வைங்க, ஏன்னா அடுத்த வேலைக்கு வரப்போறது வேற கான்ட்ராக்டரா இருக்கலாம்.