கருவாட்டுக் கடைக்கு பைபாஸா, அரண்மனைப் பக்கமா?

ராமநாதபுரத்தில் கருப்பட்டி, முண்டு மிளகாய், கருவாடு விற்கக் கடை தேடியதில் கடைசியாக இரண்டு இடம் தேறியது. ஒன்று டவுனுக்குள் அரண்மனைப் பக்கம். இன்னொன்று பட்டினம்காத்தானுக்கும் அச்சுந்தன்வயலுக்கும் நடுவே பைபாஸில். பைபாஸுக்கே அட்வான்ஸ் கொடுத்தேன்.

டவுன் கடைக்கு அன்றாட வியாபாரம் உண்டு. வாடகை கூடுதல், வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளூர்க்காரரை நம்பி மளிகை போடுபவர் யோசிக்காமல் அங்கே போகலாம். என் சரக்கை வாங்குவது ராமேஸ்வரம் வந்துபோகும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் வரும் வேன்கள் ஊருக்குள் நுழைவதே இல்லை.

பைபாஸில் எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும்போது யாரும் கருவாடு வாங்கமாட்டார்கள். 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடியும்வரை கவுச்சி தொடமாட்டார்கள். கருப்பட்டியைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போவார்களா? எல்லாம் திரும்பும்போதுதான். ஆக, திரும்பி மதுரை போகும் வண்டிக்கு இடக்கைப் பக்கம் இருப்பதே கடை. எதிர்ப்பக்கம் வாடகை குறைவு, வேண்டாமென்றுவிட்டேன். இன்றைக்கு ஓரிருவர் ரோட்டைக் கடந்து வரலாம். பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கி.மீ. சாலையை 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. நான்குவழி என்றாலே நடுவில் மீடியன் வரும். வந்த பிறகு எதிர்ப்பக்கத்துக் கடைக்காக எவரும் யூ-டர்ன் தேடிப் போய்த் திரும்பி வரமாட்டார்கள். ஒரு குறை, பட்டினம்காத்தானிலேயே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஏறி தேவிபட்டினம், தொண்டி வழியாகப் போகும் வண்டிகள் பைபாஸ் கடைக்கு எப்படியும் கிடைக்காது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மனையின் மட்டத்தைப் பாருங்கள். ரோடு மேட்டில் ஓட, மனை பள்ளத்தில் கிடக்கும். கண்மாய்களும் வரத்துக்கால்வாய்களும் நிறைந்த பூமி இது. ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏற்றம் போடும்போது அடியில் குழாய் பதிக்காமல் கிராவல் கொட்டினால், மழைத்தண்ணீர் போக வழியின்றிக் கடைக்குள் வரும். அந்த ஏற்றத்துக்கு நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும் வேண்டும். இடத்துக்காரர் வாங்கியிருக்கிறாரா என்று காகிதத்தைப் பார்த்தே நம்புங்கள். நான் குழாய் பதித்திருக்கிறேன், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையை அங்கே இன்னும் பார்க்கவில்லை. கருப்பட்டி ஈரக்காற்றுக்கே கசியும் என்பதால் இப்போதே பலகை அடித்து உயரத்தில் வைத்தாயிற்று.

பைபாஸில் தினசரித் தொல்லை தூசி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் என்று சொல்லி விற்கிறோம். லாரி கிளப்பும் மண் அதன்மேல் படிந்தால் பளபளப்பு செத்துவிடும். டவுனில் மூட்டை வாயைத் திறந்து வைத்தே விற்கலாம். இங்கே கண்ணாடிப் பெட்டி வேண்டும், அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.